முள்ளில்லாத பிளாக்பெரி

உத்தியோக நிமித்தம் இமயமலைச் சாரலிலும் வடகிழக்கு மலைகளிலும் குடியேறியிருக்கும் தமிழன்பர்களுக்கு இன்று ஒரு பழச்செடியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சிம்லா, சோலன், நைனிடால், அல்மோரா, ஷில்லாங், காங்டாக் போன்ற ஊர்களில் அரசாங்கக் குடியிருப்பின் பின்புறம் பத்தடிக்குப் பத்தடி நிலம் இருந்தால் போதும். முள்ளில்லாத பிளாக்பெரியை அங்கே வளர்க்கலாம். மூன்று ஆண்டுகளில் மாற்றல் உத்தரவு வரக்கூடியவர் பழச்செடி வைக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மாவும் பலாவும் நடுகிறவர் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும். பிளாக்பெரிக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. நட்ட மறு ஆண்டே சிறிது காய்க்கும். மூன்றாம் ஆண்டு நிறையக் காய்க்கும். வந்த முதற் குளிர்காலத்திலேயே நட்டுவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நிபந்தனை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர் அடுத்து வருபவருக்காகத்தான் நடுகிறார்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாவற்பழத்துக்கு ஆங்கிலத்தில் பிளாக்பெரி என்று பெயர் என எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் பலர். நாவல் பெருமரம், அதன் பழத்தினுள் இருப்பது ஒற்றைக் கொட்டை. இந்தியில் ஷஹ்தூத் என்று வழங்கும் முசுக்கொட்டைப் பழம் தோற்றத்தில் சற்று நெருங்கி வரும். ஆயினும் அதுவும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பிளாக்பெரி ரோஜாக் குடும்பத்துப் புதர்ச்செடி. சாறு நிறைந்த சின்னஞ்சிறு மணிகள் பல, நடுக்காம்பு ஒன்றைச் சுற்றி நெருக்கமாக ஒட்டிக்கொண்டு ஒரே பழம்போல் காட்சியளிக்கும். இதன் நெருங்கிய உறவான ராஸ்பெரியைப் பறித்தால் நடுக்காம்பு செடியிலேயே நின்றுவிடும்; பழம் உட்குழிந்த தொப்பிபோல் கையில் வரும். பிளாக்பெரியில் நடுக்காம்பும் பழத்தோடு கூடவே வந்துவிடுகிறது. குமாவூன் மலைகளில் ஹிசாலு என்றும், நேபாளி மொழியில் ஐசேலு என்றும் சொல்லப்படும் மஞ்சள் நிறக் காட்டுப்பழம் ராஸ்பெரி வகையைச் சேர்ந்தது. நம் நீலகிரியிலும் அது வளர்கிறது. சொற்களை மொழிபெயர்ப்பதே என் தொழில் என்றாலும், இந்தப் பழத்துக்குப் புதிதாக ஒரு பெயரைப் புனைந்து, இருக்கும் மயக்கத்தோடு இன்னொன்றையும் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. பிளாக்பெரி என்றே சொல்லுவோம்.

இது குளிர்நாட்டுச் செடி. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழுந்தால்தான் இதன் மொட்டுக்கள் ஒழுங்காக விரியும். அந்த உறக்கத்தைத் தோட்டக்கலை அறிஞர்கள் மணிக்கணக்கில் அளக்கிறார்கள். வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கி நிற்கும் நேரம், வகைக்குத் தக்கபடி 300 மணி முதல் 900 மணி வரை சேர வேண்டும். ஆகவே மும்பை, கல்கத்தா, பெங்களூர் அன்பர்கள் இதில் ஆசை வைப்பதில் பயனில்லை. தில்லியில் குளிர் ஓரளவு உண்டு. ஆனால் பழம் முற்றும் மே, ஜூன் மாதங்களில் அங்கே அடிக்கும் அனலில் பழமணிகள் வெளுத்துச் சாரமற்றுப் போகும். தில்லியில் இருப்பவர் முசுக்கொட்டைக் கொம்பு ஒன்றை ஊன்றினாலும், ஃபால்ஸாச் செடி ஒன்றை வைத்தாலும் மனநிறைவு பெறுவார். டேராடூன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குறைந்த குளிர் போதுமான வகை கிடைத்தால் அங்கே முயன்று பார்க்கலாம், உறுதி சொல்வதற்கில்லை.

இனி முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணப் பிளாக்பெரியின் முட்கள் கொக்கிபோல் வளைந்தவை. சேலைத் தலைப்பையும் குழந்தையின் கையையும் ஒன்றுபோலப் பற்றி இழுப்பவை. முள்ளில்லாத வகையை நாடுவதற்கு அந்த ஒரு காரணமே போதும். ஆனால் முள்ளில்லாமை இரண்டு விதம். இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்கினால் பின்னால் வருந்த நேரிடும்.

எலுமிச்சையின் முள் கிளையின் மாற்றுருவம். உள்ளே இருக்கும் கட்டையிலிருந்தே புறப்படுவது. ரோஜாவின் முள்ளும் பிளாக்பெரியின் முள்ளும் அப்படியல்ல. அவை தோலில் முளைப்பவை. கட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் பெயர்ந்து விழுந்துவிடும். எனவே வெளித்தோலின் இயல்பு மட்டும் மாறிவிட்டாலும் செடி முள்ளற்றதாகக் காட்சியளிக்கும். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 1926-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட ‘தார்ன்லெஸ் எவர்கிரீன்’ என்னும் வகை இத்தகையதே. அதன் மேலடுக்குத் தோல் முள்ளை மறந்துவிட்டது. உள்ளே இருப்பது பழைய முட்செடிதான். நம் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை மரத்தின் வேரில் மண்வெட்டி பட்டால் அவ்விடத்திலிருந்து ஒரு கன்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். பிளாக்பெரியிலும் அவ்வாறே கிளம்பும். வேர்க்கன்று வேரின் உட்பகுதியிலிருந்து புறப்படுவதால், தோல் மட்டும் மாறிய இவ்வகையில் அது முழு முட்செடியாகவே வெளிவரும். விதையிலிருந்து முளைப்பதும் அப்படியே. இரண்டொரு ஆண்டு கவனியாமல் விட்டால் முட்கன்றுகள் தாய்ச்செடியை மூடிவிடும். வாங்கிய வீட்டுக்காரர் நாற்றுப்பண்ணைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். உண்மையில் களைக்கொத்து செய்த வேலை அது.

இரண்டாவது விதம் பிறவியிலேயே முள்ளில்லாதது. இங்கிலாந்தில் மெர்ட்டன் என்னும் இடத்தில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் உருவான ‘மெர்ட்டன் தார்ன்லெஸ்’ வகையிலிருந்து இந்தப் பரம்பரை பெருகியது. அதைக் கொண்டு அமெரிக்க வேளாண் துறையினர் 1966-இல் ‘ஸ்மூத்ஸ்டெம்’, ‘தார்ன்ஃப்ரீ’ என்னும் இரு வகைகளை வெளியிட்டனர். ‘செஸ்டர் தார்ன்லெஸ்’ 1985-இலும், ‘டிரிப்பிள் கிரௌன்’ 1996-இலும் வந்தன. ஆர்க்கன்ஸா பல்கலைக்கழகத்தார் தம் வகைகளுக்கு அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர்களை இட்டார்கள். 1989-இல் ‘நவாஹோ’, பின்னர் ‘அரபஹோ’, 2003-இல் ‘வாஷிட்டா’, 2007-இல் ‘நாச்செஸ்’ என்று அவை தொடர்கின்றன. இவற்றில் முள்ளில்லாமை செடியின் உள்ளும் புறமும் ஒன்றே. வேரிலிருந்து வரும் கன்றுக்கும் முள் இராது. ஆகையால் நாற்று வாங்கும்போது ‘முள்ளில்லாதது’ என்று மட்டும் சொல்பவரை விட்டு, வகையின் பெயரைச் சொல்லக்கூடியவரிடம் வாங்குங்கள். சோலனுக்கு அருகே நௌனியிலுள்ள தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்திலும், முக்தேஷ்வரிலுள்ள மத்திய குளிர்ப்பிரதேசத் தோட்டக்கலை நிறுவனத்தின் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவைக்க வேண்டும். அமெரிக்காவில் மகனோ மருமகனோ இருக்கிறார், விடுமுறையில் வரும்போது பெட்டியில் இரண்டு கொம்பு வைத்துக் கொண்டுவரட்டும் என்று தோன்றலாம். அது சட்டத்துக்கு மாறானது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணையின்படி, அனுமதிச் சீட்டும் நோயற்றது என்னும் சான்றும் இன்றி நடவுப் பொருளைக் கொண்டுவரக் கூடாது. அந்தக் கொம்போடு வரும் நோய் மலைச்சரிவின் ஆப்பிள் தோட்டங்களுக்கும் காட்டுப் புதர்களுக்கும் பரவுமானால் நம் இரண்டு கொம்புகள் அதற்கு ஈடாகமாட்டா.

நடும் காலம், செடி இலையுதிர்த்து உறங்கும் பின்பனிக்காலம். பனி இறுகிக் கிடக்கும் நாட்களைத் தவிர்த்துவிட்டு, மண் கையில் உதிரும்போது நடலாம். நாளெல்லாம் வெயில்படும் இடமாக இருக்க வேண்டும். சற்றே புளிப்பான மண் இதற்கு உகந்தது. தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகவே ஆகாது. வேர் அழுகினால் மருந்து கிடையாது. நம்மவர் வீடுகளில் கிடைத்த நிலத்திலெல்லாம் தக்காளியும் கத்தரியும் மிளகாயும் போட்டிருப்போம். அந்தப் பாத்தியில் மூன்று ஆண்டுகளுக்குப் பிளாக்பெரி வேண்டாம். அப்பயிர்களைத் தாக்கும் வாடல் நோய்ப் பூஞ்சை மண்ணிலேயே தங்கியிருந்து இதையும் தாக்கும்.

ஒரு முழ ஆழமும் அகலமும் உள்ள குழியில் மக்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து, நாற்று முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து மண் அணைக்க வேண்டும். ‘செஸ்டர்’ போன்று படர்ந்து வளைபவற்றுக்குச் செடிக்குச் செடி 5 அல்லது 6 அடி விடுங்கள். ‘நவாஹோ’ போன்று நிமிர்ந்து நிற்பவற்றுக்கு 3 அடி போதும். இரண்டு முளைகளை நட்டு, தரையிலிருந்து 3 அடியிலும் 5 அடியிலும் கம்பி கட்டிவிட்டால் பந்தல் ஆயிற்று. அடியில் பைன் ஊசிகளையோ காய்ந்த இலைகளையோ நான்கு விரல் உயரம் பரப்பி மூடாக்கு இடுங்கள். களை குறையும், ஈரம் நிற்கும். முக்கியமாகக் களைக்கொத்தை வேரின் பக்கம் கொண்டுபோகும் அவசியமே இராது. மழையில்லாத வாரங்களில் மண் ஓர் அங்குல மழை பெற்றாற்போல் நனைய வேண்டும். காய் பருக்கும் போது இன்னும் அதிகமாக வேண்டும்.

இந்தச் செடியின் வாழ்க்கை முறையைத் தமிழருக்கு விளக்குவது எளிது. வாழையை நினைத்துக்கொண்டால் போதும். குலை தள்ளிய வாழையை வெட்டிவிட்டுப் பக்கக் கன்றை வளர விடுகிறோம் அல்லவா? பிளாக்பெரியின் வேர் பல ஆண்டு வாழும். தண்டின் ஆயுள் மட்டும் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டில் தண்டு வளரும், பூப்பதில்லை. மறு ஆண்டு அதே தண்டு பக்கக் கிளைகள் விட்டுப் பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். அது காய்த்துக்கொண்டிருக்கும் போதே அடுத்த ஆண்டுக்குரிய புதுத்தண்டுகள் அடியிலிருந்து எழும்பிக்கொண்டிருக்கும். பழையதும் புதியதும் ஒரே புதரில் கலந்து நிற்பதால், கத்தரிக்கோல் எடுத்தவர் தயங்குவார். சிலர் குளிர்காலத்தில் புதர் முழுவதையும் தரைமட்டமாக வெட்டி அழகு பார்க்கிறார்கள். அப்படி வெட்டியவர் வருங்காலப் பழத்தையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டார். மறு ஆண்டு செழிப்பான தண்டும் இலையும் வருமே தவிர ஒரு பூ வராது. 2010-க்குப் பின் முதலாண்டுத் தண்டிலேயே காய்க்கும் முள்ளில்லாத வகையும் ஆர்க்கன்ஸாவில் உண்டாக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் இலையுதிர் காலத்தில் காய்க்கும் அதை மலைக்குளிர் முந்திக்கொண்டு தாக்கக்கூடும்.

கவாத்து முறை இதுதான். பழம் பறித்து முடிந்ததும், காய்த்த தண்டுகளை மட்டும் அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். அவற்றின் பட்டை பழுப்பேறி முதிர்ந்திருக்கும். புதுத்தண்டு பச்சையாக இருக்கும். அடையாளம் தப்புமென்று அஞ்சுபவர் வசந்தத்தில் எழும் ஒவ்வொரு புதுத்தண்டிலும் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவைக்கலாம். புதுத்தண்டு 4 அடி உயர்ந்ததும் நுனியை இரண்டு அங்குலம் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடிக்கும். குளிர்காலத்தின் இறுதியில் அந்தப் பக்கக் கிளைகளை ஒன்றரை அடியாகக் குறைத்து, ஒரு செடிக்கு ஐந்தாறு தண்டுகளுக்கு மேல் வைக்காமல் மெலிந்தவற்றைக் களைந்துவிடுங்கள். இவ்வளவும் சரியாக அமைந்தால் மூன்றாம் ஆண்டில் ஒரு செடியிலிருந்தே 4, 5 கிலோ பழம் எதிர்பார்க்கலாம். இரண்டு செடி ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

மலைநாட்டில் ஜூன் மாதக் கடைசியில் பருவமழை வந்துவிடும். அமெரிக்காவிலேயே தாமதமாகப் பழுக்கும் ‘செஸ்டர்’ போன்ற வகைகள் இங்கே மழைக்கு நடுவில் பழுத்துப் பூசணம் பிடிக்க நேரும். முந்திப் பழுக்கும் ‘அரபஹோ’வும் ‘நாச்செஸ்’ஸும் நமக்கு மேல் என்று நான் நினைப்பது இதனால்தான். காய் பச்சையாய்த் தோன்றிச் சிவந்து பின் கறுக்கும். கறுத்துப் பளபளக்கும்போது பறித்தால் புளிக்கும். இரண்டொரு நாள் பொறுத்து, அந்தப் பளபளப்பு மங்கி, விரல் பட்டதும் பழம் இணங்கி வரும்போது பறியுங்கள். பறித்தபின் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. நாவிலிட்ட உடனே கரையும் இனிப்பு செடியிலேயே வர வேண்டும். காலையில் பனி உலர்ந்தபின் பறித்து, அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும். கழுவுவதைத் தின்னும்போது வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதைச் சர்க்கரைப் பாகாகக் காய்ச்சுவதானால், இன்னும் சிவப்பு மாறாத சில பழங்களையும் சேர்த்துக்கொண்டால் நன்கு இறுகும்.

பறவைகளுக்கு வலை போதும். குரங்குக்கு என்ன செய்வது? சிம்லாவில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முள்ளை நீக்கியது நமக்கு மட்டுமா வசதி, அவற்றுக்குந்தான்! சமையலறைச் சன்னலுக்கு எதிரில், ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்தில் செடியை வைத்து, பழுக்கும் மூன்று நான்கு வாரங்களும் தினந்தோறும் பறித்துவிடுவதைவிட வேறு நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

வெட்டிய தண்டுகளையும் பிடுங்கிய கன்றுகளையும் சரிவில் எறிந்துவிடக் கூடாது. இவ்வினத்தின் பரவும் ஆற்றலுக்கு இந்தியாவின் பெயரே ஒரு சான்றாக வழங்குகிறது. அமெரிக்கத் தோட்டக்கலைஞர் லூதர் பர்பாங்க், இந்தியாவிலிருந்து வந்ததெனக் கருதிய விதையிலிருந்து வளர்த்த பிளாக்பெரிக்கு ‘ஹிமாலயா’ என்று பெயரிட்டு 1885-இல் வெளியிட்டார். அது உண்மையில் ஆர்மீனியா, காக்கேசியப் பகுதிகளுக்குரிய செடி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆற்றங்கரைகளையும் சாலையோரங்களையும் இன்று அது முட்காடாக்கியிருக்கிறது. தவறான பெயரால் பழி இமயத்தின்மேல் நிற்கிறது. மெய்யாகவே இமயத்துக்குரிய ஹிசாலுவோ ஹவாய்த் தீவுகளுக்குப் போய் அங்குள்ள காடுகளுக்குப் பகையாகியிருக்கிறது. நம் மலைகளுக்கு அத்தகைய கடனைத் திருப்பித் தர வேண்டாம். வெட்டியவற்றைக் காயவைத்து எரித்துவிடுவதே முறை.

கடைசியாக, மாற்றல் உத்தரவு வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். வேரைப் பெயர்த்து எடுத்துச் செல்ல வேண்டாம். பிளாக்பெரியின் வளைந்த தண்டு, தன் நுனி மண்ணைத் தொடும் இடத்தில் தானாகவே வேர்விடும் இயல்புடையது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் புதுத்தண்டு ஒன்றை வளைத்து, மண் நிரப்பிய தொட்டியில் அதன் நுனியை நான்கு விரற்கடை ஆழம் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். நுனி தண்டைச் சேர்ந்தது. மேல்தோல் அதில் மாறாமல் தொடர்கிறது. ஆகவே முன்பு சொன்ன ‘எவர்கிரீன்’ வகையாயினும் இவ்வாறு பெற்ற கன்றுக்கு முள் வராது. பிப்ரவரியில் தாய்த்தண்டிலிருந்து அரையடி விட்டு வெட்டிப் பிரித்தால் தொட்டியில் தனிச்செடி நிற்கும். மாற்றல் உத்தரவுகள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையை ஒட்டி வருகின்றன. அப்போது தொட்டியோடு எடுத்துச் செல்லலாம், வழியில் மண் உலராமல் பார்த்துக்கொண்டால் போதும். போகுமிடம் சமவெளியானால் எடுத்துச் செல்வதில் பொருளில்லை. அதே ஊரில் உள்ள நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். தாய்ச்செடியை அடுத்து வரும் குடித்தனக்காரரிடம் ஒப்படைக்கும்போது, துணி கட்டிய தண்டுகளை அந்தக் குளிர்காலத்தில் வெட்டக் கூடாது என்று அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி, மின்சார அட்டையோடு வைத்துவிட்டுப் போங்கள்.